தேன்மொழிக்குப் பத்துக்கு எட்டு

நாவலில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் தெருவில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிய வாசகர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். நல்ல வாசகன் கிடைக்கவில்லையே என்று எழுத்தாளர்கள் மேடைக்கு மேடை புலம்புகிறார்கள். எனக்குக் கிடைத்தார். தெருமுனையிலேயே கிடைத்தார். அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை நாய்கூடப் படாது.

அவர் பெயர் ஃப்ளெக்ஸ். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், அதை ஊரில் யாரும் கேட்டதில்லை. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் பேனர் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பிறந்து வளர்ந்து போய்ச் சேருவதற்குள் அவருடைய மெஷினுக்குள் இரண்டு மூன்று தடவையாவது புகுந்து வந்தாக வேண்டும்.

என் இரண்டு பையன்களின் காதுகுத்துக்கும் அவர்தான் பேனர் அடித்தார். அன்றைக்கே எனக்குப் பிடித்தது சனி.

“தாய்மாமன் போட்டோ எங்க நைனா?”

“என் மனைவிக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாதுங்க. தூத்துக்குடியில இருந்து தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வந்து பசங்களை மடியில வெச்சுப்பார்.”

“தாய்மாமன் இல்லாம காதுகுத்து பேனரா? அந்த எடத்துல இன்னாத்தப் போடறது?”

“பிள்ளையாரைப் போடுங்க.”

பிள்ளையாரைப் போட்டார். ஆனால் ஏதோ பெரிய மோசடிக்குத் துணைபோகிறவர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார்.

இப்படிச் சிவனே என்று பேனர் அடித்துக்கொண்டிருந்த மனுஷர் வாசகர் ஆனது ஒரு விபத்து. புத்தக வெளியீட்டுக்கு பேனர் கேட்டு வந்த யாரோ, அட்டைப்படத்துக்காகக் கொடுத்த நாவலைத் திரும்ப வாங்காமல் போய்விட்டார்கள். மெஷின் ஓடும்போது ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தவர் பிரித்தார், படித்தார், முடித்தார். அடுத்த நாள் என் வீட்டு வாசலில் நின்றார். மணலி பக்கம் கண்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை பார்க்கும் நான், சம்பளம் வந்தால் புத்தகம் வாங்குகிற கேஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் அலமாரி அவருடையதாகிவிட்டது.

படித்தால் பரவாயில்லை. படித்துவிட்டுக் கருத்துச் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார். காலையில் ஆபீஸுக்கு ஸ்கூட்டரை எடுத்தால் கடை வாசலில் கை காட்டி நிறுத்துவார். நிறுத்தினதும் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விமர்சனம் முடிந்தால்தான் சாவி வரும். யார்டில் நான் லேட்டாக வந்த நாளெல்லாம் தமிழில் ஒரு புது நாவல் வந்திருக்கிறது என்று என் மேனேஜருக்கே தெரியும்.

அவரிடம் முதலில் மாட்டியது பலரும் பாராட்டிய ஒரு நாவல். பதின்மூன்றாவது மாடியில் ஒருவன் தனியாக வாழ்கிறான். வெளியே மழை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். டீ ஆறிப்போகிறது. அவ்வளவுதான் கதை.

“இன்னாபா இது? முன்னூறு பக்கமா குந்திகினே கீறான். டீ ஆறுதுன்றான். ஆறிப்போச்சின்றான். ஆறிப்போன டீய பாத்துகினே கீறேன்றான். எடுத்துக் குடிச்சித் தொலைடா!”

“அது இந்தக் காலத்து மனுஷனோட தனிமைங்க.”

“இன்னா தனிமை? லிஃப்ட்டு கீது இல்ல? கீழ எறங்கி வாட்ச்மேனாண்ட நாலு வார்த்த பேசினா நாவலே முடிஞ்சிபூடும். எறங்கவே மாட்றான். பாஸ்போர்ட்டு சைஸு.”

பாஸ்போர்ட் சைஸ் என்பது மதிப்பெண். அவர் நாவல்களை அளப்பது பேனர் அளவில்தான். படு மோசம் என்றால் பாஸ்போர்ட் சைஸ். சுமார் என்றால் மூன்றுக்கு இரண்டு அடி. நன்றாக இருந்தால் ஆறுக்கு நாலு. அதற்கு மேல் பத்துக்கு எட்டு என்று ஒன்று உண்டு. கல்யாண மண்டப வாசலை மறைக்கிற அளவு. அதை அவர் எந்த நாவலுக்கும் கொடுத்ததில்லை.

இன்னொரு நாவல், கதையைக் கடைசியிலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாகச் சொல்வது. அதை எழுதியவரே எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிரதி. வாங்கிப் போனவர் ஒரு வாரம் கழித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்தார். பதறிப்போய்க் கையெழுத்துப் பக்கத்தைத் தேடினேன்.

“பிரஸ்ஸுல பக்கத்த மாத்தி மாத்தி கோத்துட்டானுங்க நைனா. நான்தான் கட்டர்ல பிரிச்சி, அவன் பொறந்ததுல இருந்து வரிசையா அடுக்கினேன். இப்பப் படிச்சிப் பாரு, வெண்ண மாரி போவுது.”

“ஐயா, அது எழுதினவரே அப்படித்தான் எழுதியிருக்கார்!”

“அப்டியா? வேணும்னேவா?” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். “பாவம், வூட்ல இன்னா பிரச்னையோ.”

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் த்ரில்லர் பக்கம் போனதுதான் ஊருக்கே வினையாக முடிந்தது. அதுவும் இப்போது வருகிற இருட்டு த்ரில்லர்கள். கொலைகாரன் கவிதை எழுதி வைத்துவிட்டுக் கொல்வான், கொன்றபிறகு பிணத்தைச் சுற்றிக் கோலம் போடுவான், அந்த வகை.

“கோலம் போட இவனுக்கு ஏது நேரம்? வேலவெட்டிக்குப் போறானா இல்லயா?” என்று ஆரம்பித்தவர், நாலைந்து புத்தகம் தாண்டியதும் கொதித்துப்போய் என் சாவியைப் பிடுங்கினார். “நீயே சொல்லு. ரவுடின்னா ராயபுரம். ஜெயிலுன்னா புழலு. பொணம்னா எண்ணூரு. கொல செய்றவன் அடையாறுல ஏசி ரூமுல கீறான். பொணத்த மட்டும் கார்ல வெச்சி இம்மாந்தூரம் இட்டுகினு வந்து நம்மாண்ட போட்டுட்டுப் போறான். டிராபிக்ல ஒருத்தன் மடக்க மாட்றான். தெக்கால அவனுக்கு கடலே இல்லயா?”

நியாயம்தான் என்று தலையாட்டினேன். நானும் அந்த டிராபிக்கில் தினமும் போகிறவன்தான்.

“அதவுடு. கடசி பத்து பக்கத்துல அந்தக் கொலகாரன் சின்ன வயசுல பட்ட கஷ்டத்தச் சொல்லி நம்மள அழச் சொல்றான். செத்தவன் பட்ட கஷ்டத்த எவனாவது எய்துறானா? போலீஸு வந்து பாத்துட்டு சிகரெட்டு பத்த வெச்சிக்கிறான். ஒருத்தரும் அழுவல. ஒரு மால இல்ல, மோளம் இல்ல. நம்ம எல்லைல வுழுந்த பொணம், நாம அழுவலன்னா அதுக்கு யாரு கீறா?”

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் தேரடி மின்கம்பத்தில் ஒரு பேனர் தொங்கியது. ஒரு த்ரில்லரின் ஒன்பதாம் பக்கத்தில் செத்து எண்ணூர் ஆற்றில் மிதந்த செக்யூரிட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி. பெயர், ஊர் எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே. போட்டோவுக்கு மட்டும் அவர் என்ன செய்வார்? கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ ஒரு முகத்தை எடுத்துப் போட்டுவிட்டார்.

அந்த முகம் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவருடையது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க எப்போதோ வந்திருக்கிறார். பெயர் வேறாக இருந்தால் என்ன, முகம் அவர்தானே? சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்து, இரண்டு பேர் ஆடவும் ஆரம்பித்தபோது, டூட்டி முடிந்து அவரே லாரியில் வந்து இறங்கினார். நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். இன்றைக்குக் கொலைதான் என்று தெருவே கூடியது.

“ஏம்பா, போட்டதே போட்ட, தல சீவி எடுத்த போட்டோ இன்னொன்னு கீதே, அதப் போடக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

அதிலிருந்து நாவலில் செத்தவர்களுக்குப் போட்டோ கிடையாது, குத்துவிளக்குப் படம் மட்டும்தான் என்று முடிவு செய்தார் ஃப்ளெக்ஸ். பேனர் கட்டுவதை நிறுத்தவில்லை. தெருவும் பழகிவிட்டது. “இந்த வாரம் யாருப்பா?” என்று கேட்டுவிட்டு மீன்கார அக்கா ஒரு முழம் பூ சுற்றிவிட்டுப் போவார்.

நிற்க. எனக்கும் எழுதுகிற ஆசை உண்டு. ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு இருட்டு த்ரில்லர் எழுதினேன். ஒரு பதிப்பாளரும் ஒத்துக்கொண்டார். அவர் பாராட்டினார், நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை. இந்த ஆள் வாயிலிருந்து பத்துக்கு எட்டு வாங்க வேண்டும். அது ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. அச்சுக்குப் போன கையோடு ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு வந்து சாவியைப் பிடுங்கினார்.

“நல்லாத்தான் எய்திகீற.”

என் காதில் நாதஸ்வரம் கேட்டது. “சைஸ்?” என்றேன்.

“அது கெடக்கட்டும். மொதப் பக்கத்துல முகத்துவாரத்தாண்ட ஒரு பொண்ணு கர ஒதுங்குது இல்ல, அத்தோட பேரு இன்னா?”

“பேர் கிடையாது. அடையாளம் தெரியாத இளம்பெண்.”

“அது போலீஸ்காரனுக்கு. நீ எய்தினவன், உனுக்குத் தெரியும் இல்ல?”

“எனக்கும் தெரியாதுங்க. அதுதான் கதைக்கே பலம். பேர் இல்லாததால அவ எல்லாப் பெண்களுக்கும் பொதுவா ஆகிடறா.”

“பொதுவா எப்டிப்பா பேனர் அடிக்கிறது? கொன்னவனுக்குப் பன்னெண்டு பக்கம் கத சொல்ற. அவன் நாய்க்குட்டி செத்ததுலாம் சொல்ற. இந்தப் பொண்ணுக்கு அர பக்கம். அத்தக் காணோம்னு அவங்கம்மா ஸ்டேஷனுக்கு ஓடிச்சா? டிபன் பாக்ஸுல இன்னா எட்துகினு போவும்? ஒண்ணுமே இல்ல. பேராவது சொல்லு.”

சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கும் எழுத்தாளன் என்கிற ரோஷம் இருக்கிறதல்லவா? அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் போனைத் திறந்தால் அவருடைய குரல் வரும்: “பேரு இன்னா?” ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து, “பேரு இன்னா?” டீக்கடை மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், சொல்லிடுங்க சார். மனுஷன் சரியா டீகூடக் குடிக்க மாட்றாரு” என்று கெஞ்சினார்.

எரிச்சல் தாங்காமல் ஒருநாள், “மல்லிகா. போதுமா?” என்று கத்தினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இருவத்திரெண்டு வயசுப் பொண்ணு மல்லிகாவா? எங்கத்த பேரு மல்லிகா. வாயிக்கு வந்தத சொல்லி டபாய்க்காத நைனா. பெத்தவன் மாரி யோசிச்சி சொல்லு.”

இதற்குள் வெளியீட்டு விழா நெருங்கிவிட்டது. தேரடிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம் பிடித்தாயிற்று. பெரிய எழுத்தாளர் ஒருவர் வர ஒத்துக்கொண்டார். மாமனாரும் மாமியாரும் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறிவிட்டார்கள். வாசலுக்கு ஒரு பேனர் வேண்டும் என்று போனால், மெஷினையே அணைத்துவிட்டார் மனுஷர்.

“அந்தப் பொண்ணு காரியம் முடியல. சாவு வூட்ல விசேஷம் வெப்பாங்களா? மொதல்ல அதுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிட்டு அப்பால உன் விசேஷத்தப் பாப்போம். பேரச் சொல்லு.”

திருவொற்றியூரில் வேறு பேனர் கடையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலடிப்பேட்டையில் ஒன்றுக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “ஃப்ளெக்ஸு போன் பண்ணிட்டாரு சார். அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். என் மனைவி செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலை நிமிராமலே சொன்னாள்: “நம்ம எடுத்து வெச்ச பேரு சும்மாத்தானே கெடக்கு. அவளுக்குக் குடுத்திருங்க.”

எங்களுக்குப் பெண் பிறந்தால் வைக்க ஒரு பெயர் வைத்திருந்தோம். பிறந்தது இரண்டும் தடிப்பயல்கள். அந்தப் பெயரை அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். பீன்ஸைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடைக்குப் போய் நானே சாவியை நீட்டினேன். “தேன்மொழி” என்றேன்.

ஃப்ளெக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “இது பேரு. இது நெசமா ஒருத்தி பேரு. யாரு சொன்னது?”

“என் மனைவி. எங்களுக்குப் பொண்ணு பிறந்தா வைக்க வெச்சிருந்த பேரு.”

அவர் என் சாவியை வாங்காமல் என்னிடமே தள்ளினார். “நீ போ. பேனர நானே அடிச்சி நானே கட்டிடறேன்.”

விழா அன்று சாயங்காலம் மாமனார் மாமியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். செல்வி கேசரியை இறக்கி வைத்துவிட்டுப் பையன்களோடு பின்னால் வருவதாகச் சொன்னாள். ஆட்டோ மண்டபத்தை நெருங்கியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மண்டபத்தின் வாசலையே காணோம். வாசல் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

கண்ணீர் அஞ்சலி. நடுவில் குத்துவிளக்கு. தேன்மொழி, வயது 22, முகத்துவாரக்குப்பம். ‘எண்ணூர் ஆறே, எங்கள் பிள்ளையைத் தந்துவிடு’ என்று ஒரு வரி. கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு வரிசையாகப் போட்டோக்கள். முதல் போட்டோ நான். ‘மகளைப் பிரிந்து வாடும் தந்தை’. அடுத்தது கூலிங் கிளாஸோடு ஃப்ளெக்ஸ். ‘தாய்மாமன்’. அப்புறம் டீ மாஸ்டர், மீன்கார அக்கா, தலை சீவிய போட்டோவில் மணலி டேங்கர் டிரைவர், தெரு மொத்தமும். மூலையில் எறும்பு சைஸில் ஒரு வரி: ‘இன்று மாலை நாவல் வெளியீடு. அனைவரும் வருக’. அது என் கண்ணுக்கே கடைசியில்தான் பட்டது.

மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்காமலே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

“மாப்ள, இது யாரு பிள்ள?”

“அத்தை, அது நாவல்ல வர்ற...”

“தேன்மொழின்னு எம்மவ எடுத்து வெச்ச பேருல்லா இது? எங்க பேத்திக்குன்னு வெச்ச பேர எந்தப் பிள்ளைக்குக் குடுத்திய?” என்றவர் அடுத்த போட்டோவுக்குத் தாவினார். “தாய்மாமன்னு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தன் நிக்கான், பாத்தியளா? எம்மவளுக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. அப்ப இவன் எவளுக்கு அண்ணன்?”

என் நாவலில் இருபத்தைந்து அத்தியாயம் முட்டி மோதிய இன்ஸ்பெக்டர், என் மாமியாரிடம் கான்ஸ்டபிளாக இருக்கக்கூட லாயக்கில்லை. ஒரே ஒரு பேனரை வைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு மனைவி, இருபத்திரண்டு வயதில் ஒரு மகள், ஒரு மச்சான் எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் போக எத்தனை மணிக்கு ரயில் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மீன்கார அக்கா மாலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மனச தேத்திக்கோ நைனா.”

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க! இது நாவல்ல செத்த பொண்ணுதானே?”

“எதுல செத்தா இன்னாப்பா? சின்னப் பொண்ணுதானே” என்று மூக்கைச் சிந்தினார் அக்கா. மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய எழுத்தாளரின் கார் வந்தது. இறங்கியவர் பேனரைப் படித்தார். செருப்பைக் கழற்றினார். தனக்கென்று வாங்கி வைத்திருந்த மாலையை யாரிடமோ கேட்டு வாங்கி பேனருக்குச் சாத்தினார். பிறகு என் தோளில் கை வைத்து, “இந்த நிலைமையிலும் விழாவை நடத்துகிறீர்களே, உங்கள் இலக்கியப் பற்று பெரியது” என்றார்.

எனக்கு அழுவதா ஆற்றில் விழுவதா என்று தெரியவில்லை. விழுந்தால் அதற்கும் ஒரு பேனர் அடிப்பார்.

அடித்தவர் அப்போதுதான் சாவகாசமாக வந்தார். சலவைச் சட்டை, கூலிங் கிளாஸ். மாமியார் நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“தாய்மாமன் நீருதானா?”

“நான்தாம்மா.”

“ஒம்ம தங்கச்சி எங்க இருக்கா? இப்பக் காட்டும். நான் பாக்கணும்.”

ஃப்ளெக்ஸ் கொஞ்சமும் அசரவில்லை. ரோட்டைப் பார்த்தார். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து கேசரி அண்டாவைப் பிடித்துக்கொண்டு பையன்களோடு செல்வி இறங்கினாள்.

“தோ, வந்துகினு கீது பாருங்க” என்றார்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். தான் பெற்ற ஒரே மகளைப் பார்த்தார். பிறகு கூலிங் கிளாஸைப் பார்த்தார். மாமனார்தான் முதலில் சுதாரித்தார். “அப்ப இவரு நமக்கு மகன் மொறைல்லா வருதாரு?” என்று மெதுவாகக் கேட்டார்.

செல்வி அண்டாவைக் கீழே வைத்துவிட்டு பேனரைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். அதற்குக் கீழே என் போட்டோவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அடுத்த போட்டோவுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தாய்மாமன் என்று எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவரை அவள் ‘ஃப்ளெக்ஸ்காரரு’ என்றுதான் சொல்வாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள வாங்கண்ணே. ஏன் வெளியவே நிக்கீங்க?” என்றாள்.

“காதுகுத்துக்கே போட்டிருக்கணும்மா” என்றார் அவர். “உங்கூட்டுக்காரரு புள்ளையாரப் போடச் சொல்லிட்டாரு.”

விழா நடந்தது. பெரிய எழுத்தாளர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி தேன்மொழிக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் புத்தகத்தையே வெளியிட்டார். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. செல்வி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியும், மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தபிறகு ஃப்ளெக்ஸைப் பிடித்துக் கத்தினேன். நான் கேட்டது என்ன, நீங்கள் அடித்தது என்ன, என் மானம் என்னாவது, குடும்பம் என்னாவது என்று மூச்சுவிடாமல் கத்தினேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அல்லாம் சரி. இது இன்னா சைஸுன்னு பாத்தியா நீ?”

பார்த்தேன். மண்டப வாசலை மறைக்கிற அளவு. பத்துக்கு எட்டு.

“நாவலுக்கா, பொண்ணுக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் வேற வேறயா நைனா?” என்றார். “அந்த முனையப் புடி. மடிக்கணும்.”

அந்த ஆளால் நான் த்ரில்லர் எழுத்தாளனாக உருப்படாமல் போனதுதான் மிச்சம். இப்போது கதையில் யாரையாவது கொல்ல வேண்டும் என்றால் முதலில் பெயர் வைக்கிறேன். வைத்ததும் டிபன் பாக்ஸில் என்ன இருந்திருக்கும் என்று யோசனை வருகிறது. அம்மா ஸ்டேஷனுக்கு ஓடுவது தெரிகிறது. அப்புறம் எங்கே கொல்வது? இரண்டாவது நாவலில் பாதிக்கு மேல் போயும் இன்னும் ஒருத்தரும் சாகவில்லை. பதிப்பாளர் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். அந்த பேனரை, மழைக்கு ஸ்கூட்டரை மூட நல்ல வாகாக இருக்கும் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். தேன்மொழி பரண்மேல் பத்திரமாக இருக்கிறாள்.

வேலை மாறி நாங்கள் தாம்பரம் பக்கம் வந்துவிட்டோம். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் ஃப்ளெக்ஸ் வந்துவிடுவார். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், தங்கச்சிக்குப் புடவை. பிறந்த வீட்டுச் சீர். கரும்பைப் பழைய பேனரில்தான் சுற்றிக்கொண்டு வருவார், யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். சீரை செல்வி கையில் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, வெளியே கிளம்ப விடாமல் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அந்த வருஷத்து நாவல்களைக் கிழிகிழியென்று கிழிப்பார். பொங்கல் ஆறிப்போகும். மாமியார் போனில் கூப்பிட்டால்கூட என்னை விட்டுவிட்டு மகனிடம்தான் முதலில் பேசுகிறார்.

போன பொங்கலுக்கு ரயிலில் ஏதோ கோளாறு என்று அவர் வர நேரமாகிவிட்டது. எனக்கு எங்கேயும் போகிற வேலை இல்லை. இருந்தாலும் ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, அவர் பிடுங்க வாகாகச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.